டேண்டம் கிளப்: சந்தா கட்டலாமா?

இருவர் மிதிக்கும் சைக்கிளுக்கென்று தனியாக ஒரு சங்கம் எதற்கு? பிரிட்டனில் 1971-இல் தொடங்கிய டேண்டம் கிளப்பைப் பற்றிச் சொன்னால் முதலில் வரும் கேள்வி இதுதான். டேண்டத்தில் இரண்டு ஆள் எடை இருக்கிறது. எதிர்காற்றில் முட்டுவதோ ஏறக்குறைய ஒரே ஆள். அதனால் சமதரையிலும் இறக்கத்திலும் பறக்கும், ஏற்றத்தில் பின்தங்கும். சாதாரண சைக்கிள் குழுவோடு போனால் நாள் முழுக்க யாராவது யாருக்காவது காத்திருக்க வேண்டும். எல்லோருமே டேண்டத்தில் வந்தால் அந்தத் தொல்லை இல்லை.

சந்தாவுக்குக் கிடைப்பவை: இரண்டு மாதத்துக்கு ஒரு இதழ், வட்டாரக் குழுக்களின் சவாரிகள், கோடையில் முகாம் போட்டுத் தங்கும் ராலிகள். வட்டாரக் குழுவை நடத்துவது தன்னார்வலர்கள். ஆகவே தரம் ஊருக்கு ஊர் மாறும். பணம் கட்டுமுன் உங்கள் பகுதியில் கடந்த வருடம் எத்தனை சவாரி நடந்தது, எத்தனை மைல், எந்த மாதிரி மேடு என்று கேட்டுவிடுங்கள்.

எங்கள் கணக்கில் உண்மையான லாபம் சவாரி அல்ல, பழைய உறுப்பினர்களின் கைப்பழக்கம். பல சைக்கிள் கடைகளுக்கு டேண்டம் புதிது. இடப்பக்கத்து டைமிங் செயினையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்கிராங்கையும் பின்கிராங்கையும் (பெடல் மாட்டிய கைகள்) இணைப்பது அது. அதன் இறுக்கத்தைச் சரிசெய்ய முன் பி.பி.யே (பாட்டம் பிராக்கெட், அதாவது கிராங்க் சுழலும் அச்சும் பேரிங்கும்) மையம் தள்ளிய ஓர் உருளைக்குள் உட்கார்ந்திருக்கும். பூட்டு போல்ட்டைத் தளர்த்தி உருளையைச் சுழற்றினால் செயின் இறுகும். நடுவில் விரலால் தூக்கிப் பார்த்தால் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக அசைய வேண்டும். பல்சக்கரம் முழு வட்டமாக இருக்காது. ஆகவே கிராங்கைச் சுற்றி, செயின் மிக இறுகும் இடத்தில் வைத்துத்தான் அளக்க வேண்டும். தளர்ந்தால் மேட்டில் செயின் பல் தாண்டி இருவர் மிதியும் ஒத்துப்போகாமல் போய்விடும். அதிகம் இறுக்கினால் பேரிங் தேயும். மிதிக்கும்போது கிறீச்சென்று கேட்டால் பெரும்பாலும் உருளையின் போல்ட்தான். பேரிங்கை மாற்றச் சொல்லும் கடைக்காரரை நம்பி உடனே பணம் கொடுத்துவிடாதீர்கள்.

சக்கரமும் அப்படியே. பெரும்பாலும் 36 அல்லது 40 ஸ்போக், பின் ஹப் அகலம் 140 அல்லது 145 மி.மீ. அப்படிப்பட்டதில் ஒற்றைச் சைக்கிளின் பின்சக்கரம் அவசரத்துக்கும் பொருந்தாது. பின்பிரேக் ஒயர் மூன்று மீட்டர் வாக்கில் தேவைப்படும். ராலிக்குக் கிளம்பும்போது பையில் ஒன்று இருக்கட்டும். நீண்ட இறக்கத்தில் ரிம் பிரேக்கை மட்டும் பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் கொதித்து டியூப் வெடிக்கும். அதற்காகவே பின்சக்கரத்தில் மூன்றாவதாக ஒரு டிரம் பிரேக் வைப்பார்கள்.

புதிதாக வரும் ஜோடிக்கு முதலில் பழக வேண்டியது கிளம்புவது. முன்னால் இருப்பவர் கேப்டன், பின்னால் இருப்பவர் ஸ்டோக்கர். கேப்டன் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்து, கால்களை அகல விரித்து நிற்க வேண்டும். ஸ்டோக்கர் ஏறி, இரண்டு பாதத்தையும் பெடலில் வைத்து, கிளம்பும் நிலைக்குப் பெடலைத் திருப்புவார். கேப்டனின் கால் விரியாமல் இருந்தால் முன் பெடலும் கூடவே சுற்றி, நேராக அவர் முழங்காலுக்குக் கீழே எலும்பில் அடிக்கும். அப்புறம் ஒரே குரலில் எண்ணி, ஒன்றாக மிதி. பள்ளம், கியர் மாற்றம், மிதிப்பதை நிறுத்துவது என எல்லாவற்றையும் கேப்டன் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பின்னால் இருப்பவருக்குத் தெரிவது முதுகு மட்டும்தான். சொல்லாத கேப்டனுக்கு ஸ்டோக்கர் நிலைக்க மாட்டார்!

குழந்தையோடு போகிறவர்களுக்கும் பார்வையற்றவரோடு ஓட்ட விரும்புகிறவர்களுக்கும் தாராளமாகச் சிபாரிசு செய்யலாம். பின் இருக்கையைத் தாங்கும் குழாயில், கிராங்கோடு கூடுதல் பி.பி. ஒன்றை உயரத்தில் கவ்வவைத்தால் குட்டிக் கால்களுக்கும் பெடல் எட்டும். குழந்தை வளர்ந்ததும் அந்த செட்டை வாங்க இன்னொரு குடும்பம் கிடைப்பது இப்படிப்பட்ட கிளப்பில்தான் சுலபம்.

ஒரு எச்சரிக்கை: டேண்டம் சுமார் இரண்டரை மீட்டர் நீளம். பிரிட்டனின் பல ரயில்களில் ஏற்ற மாட்டார்கள். கார் இல்லாதவர்கள் சவாரி தொடங்கும் இடம் வீட்டிலிருந்து மிதித்துப் போகும் தூரத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சேருங்கள்.