யூக்கானா, யெல்லோநைஃபா, இக்காலுவிட்டா? சாலை எங்கே முடிகிறது என்று பாருங்கள்

கனடா வரைபடத்தில் 60 டிகிரிக்கு மேலே இருப்பதெல்லாம் பார்வைக்கு ஒரே வெள்ளைத்தாள்தான். அதற்குள் மூன்று ஆட்சிப்பகுதிகள் இருக்கின்றன: மேற்கே யூக்கான், நடுவே வடமேற்கு ஆட்சிப்பகுதி, கிழக்கே நூனவுட். மூன்றும் சேர்ந்து சுமார் 39 லட்சம் சதுர கிலோமீட்டர், அதாவது இந்தியாவைவிடப் பெரிது. 2021 கணக்கெடுப்பின்படி அங்கே வாழ்ந்தவர்கள் 1,18,160 பேர். யூக்கானில் 40,232, வடமேற்கில் 41,070, நூனவுட்டில் 36,858. ஆள் எண்ணிக்கையில் மூன்றும் ஏறக்குறைய சமம். பரப்பில் அப்படியில்லை: 4.8 லட்சம், 13.5 லட்சம், 20.9 லட்சம் சதுர கிலோமீட்டர்.

இரண்டு வருடம் வேலை பார்க்கப் போகிறவரும் சரி, ஒரு வாரம் வடதுருவ ஒளி பார்க்கப் போகிறவரும் சரி, முதலில் கேட்பது "எங்கே குளிர் குறைவு?" என்பதைத்தான். அது இரண்டாவதாகக் கேட்க வேண்டியது. முதலில் கேட்க வேண்டியது, தெற்கிலிருந்து வரும் சாலை எந்த இடத்தில் நின்றுபோகிறது என்பது. அரிசி விலை, குழாய்த் தண்ணீர், வீட்டு வாடகை, பிரசவம் எந்த ஊரில் நடக்கும் என்பது வரை எல்லாம் அதைப் பொறுத்ததுதான்.

சாலை உள்ள வடக்கு: யூக்கான்

1942-இல் போர்க்கால அவசரத்தில் போடப்பட்ட அலாஸ்கா நெடுஞ்சாலை தலைநகர் வைட்ஹார்ஸ் வழியாகப் போகிறது. வருடம் முழுக்கத் திறந்திருக்கும். யூக்கானின் ஊர்களில் சாலையே இல்லாதது ஓல்ட் க்ரோ ஒன்றுதான். அதனால் காய்கறி லாரியில் வருகிறது, கார் கெட்டால் உதிரிபாகம் லாரியில் வருகிறது, வீடு மாற்றுகிறவர் சொந்த வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டே போய்ச் சேரலாம்.

ஆனால் யூக்கானில் சாலை என்றால் எல்லாம் தார்ச்சாலை என்று நினைத்துவிடக் கூடாது. டாசன் சிட்டிக்குக் கிழக்கே சுமார் 40 கிலோமீட்டரில் பிரியும் டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை ஏறத்தாழ 740 கிலோமீட்டருக்குச் சரளைக் கல்லிலேயே வடமேற்கு ஆட்சிப்பகுதியின் இனுவிக் ஊர் வரை போகிறது. 2017 நவம்பரில் அங்கிருந்து இன்னும் 138 கிலோமீட்டர் நீண்டு ஆர்க்டிக் கடற்கரையில் டுக்டோயாக்டுக்கைத் தொட்டது. அடியில் இருப்பது நிலத்தடி உறைபனி. அதைத் தோண்டினால் உருகிக் குழைந்துவிடும் என்பதால், தோண்டாமல் மேலேயே சரளையைக் கொட்டி மேடாக்கியிருக்கிறார்கள். சில இடங்களில் அந்த மேடு 2 மீட்டருக்கும் மேல். கீழே இருக்கும் பனிக்கு அதுதான் போர்வை. அந்தச் சரளையில் கத்திமுனை போன்ற கற்கள் உண்டு. ஒரு ஸ்டெப்னியை நம்பிப் போகாதீர்கள். முழு அளவு டயர் இரண்டு வேண்டும். டாசனில் டேங்கை நிரப்பிவிட வேண்டும், அடுத்து உறுதியாக எண்ணெய் கிடைப்பது 369-ஆவது கிலோமீட்டரில் உள்ள ஈகிள் ப்ளெய்ன்ஸில்தான். வழியில் பீல், மெக்கென்சி ஆறுகளைக் கோடையில் படகிலும், குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின் மேலேயும் கடக்கிறார்கள். ஆறு உறையத் தொடங்கும் வாரங்களிலும் பனி உடையும் வாரங்களிலும் இரண்டுமே கிடையாது. மே மாதக் கடைசியில் பயணம் போட்டவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

பாதிச் சாலை: வடமேற்கு

தலைநகர் யெல்லோநைஃபுக்கும் சாலை உண்டு. எட்மண்டனிலிருந்து ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர். 2012 நவம்பர் 30 வரை அந்தச் சாலை மெக்கென்சி ஆற்றங்கரையில் அறுந்து கிடந்தது. அன்று டே சோ பாலம் திறந்த பிறகுதான் இலையுதிர் காலத்திலும் வசந்தத்திலும் கடை அலமாரி காலியாவது நின்றது. அந்த நெடுஞ்சாலையில் இரவில் ஓட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டியது பனியை மட்டுமல்ல, காட்டெருமையையும்தான். கருநிறம், சாலை நடுவில் நிற்கும், விளக்கு வெளிச்சத்தில் மான் போலக் கண் மின்னாது.

ஒரே ஒரு சாலை இருப்பதன் இன்னொரு பக்கம் 2023 ஆகஸ்டில் தெரிந்தது. காட்டுத்தீ நெருங்கியதால் சுமார் 20,000 பேர் கொண்ட ஊர் முழுவதையும் காலி செய்யச் சொன்னார்கள். சாலையிலும் விமானத்திலும் மக்கள் வெளியேறினார்கள். மூன்று வாரம் கழித்து, செப்டம்பர் 6-இல்தான் திரும்ப முடிந்தது. அங்கே குடியேறுகிறவர் கோடையிலும் காரில் பாதி டேங்குக்குக் கீழே எண்ணெயை விடக் கூடாது.

யெல்லோநைஃபுக்கு வடக்கே நிரந்தரச் சாலை கொஞ்ச தூரத்தில் முடிகிறது. அதற்குமேல் வைரச் சுரங்கங்களுக்கு டீசலும் இயந்திரங்களும் போவது ஏரிகளின் மேல் ஆண்டுதோறும் புதிதாகப் போடப்படும் சுமார் 400 கிலோமீட்டர் பனிச்சாலையில். ஜனவரிக் கடைசி முதல் மார்ச் கடைசி வரை, தோராயமாக இரண்டு மாதம். இந்தச் சாலையின் கணக்கு சுவாரசியமானது. தெளிந்த நீலப் பனிக்கட்டியின் தடிமனைச் சென்டிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 4-ஆல் பெருக்கினால் தாங்கக்கூடிய எடை கிலோகிராமில் வரும். 35 சென்டிமீட்டர் என்றால் 4,900 கிலோ, ஒரு பிக்கப் வண்டிக்குத் தாராளம். பனித்தூள் நனைந்து உறைந்த வெள்ளைக் கட்டியைப் பாதித் தடிமனாகத்தான் எண்ண வேண்டும். முழுச் சுமை லாரிக்கு ஒரு மீட்டருக்கும் மேல் வேண்டும்.

தடிமன் மட்டும் போதாது, வேகமும் பார்க்க வேண்டும். லாரி போகும்போது அதன் எடைக்குப் பனி சற்றே அமுங்குகிறது; அடியில் தண்ணீரில் ஓர் அலை கிளம்பி லாரியோடு ஓடுகிறது. வேகம் கூடினால் அந்த அலை கரையில் மோதித் திரும்பி, அங்கே பனியை அடியிலிருந்து உடைத்துவிடும். அதனால்தான் சுமை லாரிக்கு ஏரியில் மணிக்கு 25 கிலோமீட்டர்தான். ஆனால் ஒரே இடத்தில் நிறுத்தி வைப்பதும் தவறு. பனிக்கட்டி மெல்ல மெல்லத் தொய்ந்துகொண்டே போகும்.

சாலையே இல்லாதது: நூனவுட்

1999 ஏப்ரல் 1-இல் வடமேற்கிலிருந்து பிரிந்து பிறந்த ஆட்சிப்பகுதி. 25 ஊர்கள். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கோ தெற்குக்கோ சாலை இல்லை. விமானம், அல்லது கோடையில் கப்பல். தலைநகர் இக்காலுவிட்டில் 2021-இல் 7,429 பேர். கார்கள் நிறைய உண்டு, ஓடுவதெல்லாம் ஊருக்குள்தான்.

பால், முட்டை, கீரை விமானத்தில் வருகின்றன, விலையும் அப்படித்தான். கெடாத சாமான் எல்லாம் கப்பலில். கடல் உருகியிருக்கும் ஜூலை முதல் அக்டோபர் வரைதான் கப்பல் வரும் என்பதால், ஒரு குடும்பம் ஒரு வருடத்துக்கான மாவு, அரிசி, எண்ணெய், டயப்பர், சோப்பு, ஸ்னோமொபைல் பெல்ட் எல்லாவற்றையும் வசந்தத்திலேயே பட்டியல் போட்டு அனுப்பிவிட வேண்டும். கடைசித் தேதியைத் தவறவிட்டால் அடுத்த கோடை. மரப்பெட்டியில் வரும். அந்த மரத்தையும் யாரும் எறிவதில்லை. வீட்டுக்குப் பக்கத்துக் கொட்டகை பெரும்பாலும் அதில் கட்டியதுதான். புதிதாகப் போகிறவர்கள் செய்யும் தவறு இரண்டு. ஒன்று, காலாவதித் தேதி பார்க்காமல் ஒரு வருடப் பால்பவுடரை வாங்குவது. இன்னொன்று, சூடாக்காத கொட்டகையில் டின்னும் பாட்டிலும் அடுக்குவது. நவம்பரில் உறைந்து வெடிக்கும்.

இக்காலுவிட்டில் கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 11 மீட்டர். 2023-இல் ஆழ்கடல் துறைமுகம் திறக்கும் வரை, கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு, ஏற்றநீர் நேரத்தில் பார்ஜில் (தட்டையான சரக்குப் படகில்) சாமானைக் கரைக்குத் தள்ளி, வற்றுவதற்குள் இறக்கிவிடுவார்கள். மற்றப் பெரும்பாலான ஊர்களில் இன்றும் பார்ஜ்தான்.

வீடும் தண்ணீரும்

வைட்ஹார்ஸில் புனல்மின்சாரம், குழாய்த் தண்ணீர். வாடகை அதிகம், அவ்வளவுதான். யெல்லோநைஃபில் நகர மையத்தில் குழாய் உண்டு, ஆனால் உறையாமல் இருக்கத் தண்ணீரைச் சூடாக்கி ஓடவிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஊர் ஓரத்திலேயே பழைய தங்கச் சுரங்கத்தின் அடியில் 2,37,000 டன் ஆர்செனிக் தூள் கிடக்கிறது. குடிநீரை மட்டும் தள்ளியிருக்கும் யெல்லோநைஃப் ஆற்றிலிருந்து எடுக்கிறார்கள்.

நூனவுட்டின் 25 ஊர்களுக்கும் மின்சாரம் டீசலில்தான். பெரும்பாலான வீடுகளுக்குத் தண்ணீர் லாரியில் வந்து வீட்டுக்குள் உள்ள தொட்டியில் நிரம்பும். கழிவுநீர் இன்னொரு தொட்டியில் சேர்ந்து இன்னொரு லாரியில் போகும். கழிவுத் தொட்டி நிரம்பினால் தண்ணீர் மோட்டார் தானாக நின்றுவிடும்படி அமைத்திருப்பார்கள். அதனால் 'குழாயில் தண்ணீர் வரவில்லை' என்றால் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர்த் தொட்டியை அல்ல, கழிவுத் தொட்டியை. பனிப்புயலில் இரண்டு நாள் லாரி வராது. ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்துவிட்டுத் திங்கட்கிழமை தவிப்பவர்கள் எல்லாம் புதியவர்களே. 2021 அக்டோபரில் இக்காலுவிட் குழாய்நீரிலேயே எரிபொருள் கலந்து, ஏறக்குறைய இரண்டு மாதம் குடிக்கக் கூடாதென்று தடை இருந்தது. பாட்டில் தண்ணீர் விமானத்தில் வந்தது.

குளிரும் வானமும்

ஜனவரி சராசரி வைட்ஹார்ஸில் மைனஸ் 15 டிகிரி, யெல்லோநைஃபில் மைனஸ் 25-26, இக்காலுவிட்டில் மைனஸ் 27. ஜூலையில் முதல் இரண்டு ஊர்களிலும் 14 முதல் 17 டிகிரி இதமான கோடை. இக்காலுவிட்டில் 8 டிகிரிதான், ஸ்வெட்டர் உள்ளே போகாது. ஆனாலும் கனடாவின் மிகக் குறைந்த வெப்பநிலை பதிவானது நூனவுட்டில் அல்ல. யூக்கானின் ஸ்னாக் என்ற இடத்தில், 1947 பிப்ரவரி 3-இல், மைனஸ் 63.

வடதுருவ ஒளிக்கு மட்டும் போகிறவர் யோசிக்கவே வேண்டாம், யெல்லோநைஃப். துருவத்தைச் சுற்றி ஒளி தோன்றும் வளையம் நேர் மேலே, நிலம் தட்டை, குளிர்காலக் காற்று வறண்டது. வைட்ஹார்ஸில் மலையும் மேகமும் குறுக்கே வரும். இக்காலுவிட் வளையத்துக்குச் சற்று உள்ளே தள்ளி இருக்கிறது, புயலும் அதிகம். யெல்லோநைஃபிலும் அக்டோபர்-நவம்பரைத் தவிருங்கள்; கிரேட் ஸ்லேவ் ஏரி உறையும் வரை அதன் ஆவியே மேகமாகி மூடும். ஆகஸ்ட் கடைசியும் செப்டம்பரும் நல்லவை, ஜனவரி முதல் மார்ச் வரை அதைவிட நல்லவை.

மண் யாருடையது

மூன்றிலும் 'பூர்வகுடிகள்' என்று ஒரே சொல்லில் அடக்குவது பிழை. யூக்கானில் 14 முதற்குடிகள் (ஃபர்ஸ்ட் நேஷன்ஸ்). அதில் 11 குடிகள் ஒப்பந்தம் செய்துகொண்டு தங்களுக்கென அரசும் சட்டமும் வைத்திருக்கிறார்கள். வடமேற்கு ஒரு ஒட்டுத்துணி: இனுவியாலுயிட் 1984, குவிச்சின் 1992, சாட்டு 1993, ட்லிச்சோ 2005 எனத் தனித்தனி ஒப்பந்தங்கள், சில இடங்களில் இன்னும் பேச்சு முடியவில்லை. ஆட்சிமொழி 11. நூனவுட்டில் மக்களில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் இனுயிட். அரசு வேலையில் அவர்களுக்கு முன்னுரிமை உண்டு. அது நியாயமும்கூட: 1953-லும் 1955-லும் இனுயிட் குடும்பங்களைத் தெற்கே இருந்த அவர்கள் ஊர்களிலிருந்து பெயர்த்து வடகோடியில் க்ரைஸ் ஃபியார்டிலும் ரெசல்யூட்டிலும் கொண்டுபோய் விட்டதற்குக் கனடா அரசு மன்னிப்புக் கேட்டதே 2010-இல்தான்.

தமிழ் தெரிந்தவருக்கு நூனவுட்டில் ஒரு சிறு சாதகம் உண்டு. இனுயிட் மக்களின் இனுக்டிடுட்டும் ஒட்டு மேல் ஒட்டாகச் சொல் வளர்க்கும் மொழி. 'எனக்கு அவ்வளவாகக் காது கேட்காது' என்பது அங்கே ஒரே சொல்: துசாத்சியாருன்னங்ஙித்துவாலூயுங்கா. எழுத்தும் நம் உயிர்மெய் போலத்தான். ஒரு முக்கோணம் மேலே பார்த்தால் 'பி', வலப்பக்கம் பார்த்தால் 'பு', இடப்பக்கம் பார்த்தால் 'ப'. மேலே புள்ளி வைத்தால் நெடில்; வெறும் மெய்யென்றால் சின்னதாக மேலே எழுதுவார்கள். கடைப் பலகையை ஒரு வாரத்தில் எழுத்துக்கூட்டிப் படித்துவிடலாம். வணக்கம் சொல்லத் தெரிந்த வெளியூர்க்காரருக்கும் தெரியாதவருக்கும் அங்கே கிடைக்கும் முகம் வேறு வேறு.

யாருக்கு எது

பள்ளிப் பிள்ளைகளோடு போகிற குடும்பம் என்றால் வைட்ஹார்ஸ். ஒருவர் சுரங்கத்திலோ அரசு வேலையிலோ இரண்டு மூன்று வருடம் சேமிக்கப் போகிறார் என்றால் யெல்லோநைஃப். மைனஸ் 20-க்குக் கீழே போனால் காரின் பிளாக் ஹீட்டரை (எஞ்சினைச் சூடாக்கும் கருவி) மின்சாரத்தில் செருகி வைக்கும் பழக்கம் மட்டும் வர வேண்டும், கிளம்பும் முன் மூன்று நான்கு மணி நேரம் போதும், இரவு முழுக்க வேண்டாம். நூனவுட்டுக்கு ஆசிரியராகவோ செவிலியராகவோ போவதானால் வேலைக் கடிதத்தில் வீடு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சம்பளம் எவ்வளவு இருந்தாலும் கையெழுத்துப் போடாதீர்கள்; அங்கே வாடகைக்கு வீடு தேடிக் கிடைப்பது அரிது. ஆறு மாதத்துக்காகப் போவதும் வீண். பிள்ளைகள் உங்கள் பெயரைப் பழகும்போது நீங்கள் கிளம்பிவிடுவீர்கள், அந்த வலி அந்த ஊர்களுக்குப் பழகிப்போனது.

கர்ப்பமாக இருப்பவர்கள் ஒன்றைக் கணக்கில் வைக்க வேண்டும். சிறிய ஊர்களில் பிரசவம் பார்ப்பதில்லை. 36 வாரத்தை ஒட்டி விமானத்தில் அனுப்பிவிடுவார்கள். பெரிய சிகிச்சை என்றால் வைட்ஹார்ஸிலிருந்து வான்கூவர், யெல்லோநைஃபிலிருந்து எட்மண்டன், இக்காலுவிட்டிலிருந்து ஒட்டாவா. நூனவுட்டில் ஹட்சன் வளைகுடாவின் மேற்குக் கரை ஊர்களுக்கு வின்னிபெக்.

மூன்றுக்கும் பொதுவான ஒரு வரிச்சலுகை இருக்கிறது: தொடர்ந்து ஆறு மாதம் வசித்தவர், வீட்டில் வேறு யாரும் கேட்காதபட்சத்தில், நாளொன்றுக்கு 22 டாலர் வரை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். முழு வருடத்துக்கு 8,030 டாலர். வீட்டில் இருவர் சம்பாதித்தால், யார் எந்தப் பகுதியைக் கேட்பது என்று கணக்குப் போட்டுவிட்டுப் படிவத்தை நிரப்புங்கள். இருவரும் முழுத் தொகையைக் கேட்டால் திரும்பி வரும்.