9 மி.மீ. ரீசைசிங் டை: கார்பைடு என்றால் மட்டும் போதுமா?

அமெரிக்காவில் சுட்ட தோட்டாவின் காலிக் கூட்டில் (கேஸ்) புதிதாகப் பற்றவைக்கும் பிரைமர், பவுடர், புல்லட் போட்டு பிஸ்டல் தோட்டாவை வீட்டிலேயே ரீலோட் செய்பவர்கள் பவுடரையும் புல்லட்டையும் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். சுட்டதில் உப்பிய கேஸைப் பழைய அளவுக்கு இறுக்கும் ரீசைசிங் டை என்று வந்தால் மட்டும் "கார்பைடா? அப்போ சரி" என்று பேச்சு முடிந்துவிடும். சில வருடங்களாக 9 மி.மீ. லூகருக்கு வெவ்வேறு டைகளை மாற்றி மாற்றி ஓட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், கவனிக்க வேண்டியதெல்லாம் அதற்கு அப்புறம்தான் இருக்கிறது.

உள் வளையம் மிகக் கடினமான கார்பைடில் செய்த டைதான் வேண்டும், அதில் மாற்றுக்கருத்து இல்லை. சாதா எஃகு டை என்றால் ஒவ்வொரு கேஸுக்கும் லூப் (மசகு) போட்டு, பிறகு அதைத் துடைத்தாக வேண்டும். (கார்பைடிலும் லேசாக லூப் அடித்தால் பிரஸ்ஸின் கைப்பிடி இறங்குவது எவ்வளவு சுகம் என்பது வேறு கதை.)

9 மி.மீ. கேஸ் நேர் உருளை அல்ல. அடியில் 9.93 மி.மீ., வாயில் 9.65. தளர்வான சேம்பரில் (துப்பாக்கியில் தோட்டா அமரும் அறை) சுட்ட கேஸ் உப்புவதும் அந்த அடியில்தான். டையின் வாய் எவ்வளவு தூரம் அகன்று சரிந்திருக்கிறதோ, அவ்வளவு உயரத்துக்கு அடிப்பகுதி டையில் படாமலே தப்பிவிடும். ஒரே இழுப்பில் பல வேலை செய்யும் புரோகிரஸிவ் பிரஸ்ஸில் கேஸ் கொஞ்சம் விலகி வந்தாலும் உள்ளே நுழைய வேண்டும் என்பதால் டில்லன் கம்பெனி டையின் வாய் தாராளமாக இருக்கும். லீ கம்பெனி டை இன்னும் கீழே வரை பிடிக்கும். ரேஞ்சில் பொறுக்கிய கலப்படக் கேஸ்தான் உங்கள் சரக்கு என்றால் இந்த வித்தியாசம் அளவு சரிபார்க்கும் கேஸ் கேஜில் உடனே தெரியும்.

பழைய பிரைமரைத் தள்ளும் டையின் ஊசியை, அதாவது பின்னை (pin), பாருங்கள். லீயில் அந்தப் பின் காலெட் என்ற இறுக்குப் பிடியில் இருப்பதால், நடுவில் ஒற்றைத் துளைக்குப் பதில் இரட்டைத் துளை உள்ள பெர்டன் வகைக் கேஸோ கல்லோ சிக்கினால் உடையாமல் மேலே நழுவும். டில்லனில் ஸ்பிரிங் உண்டு. பழைய பிரைமர் பின்னோடு ஒட்டிக்கொண்டு திரும்பி வராமல் தட்டிவிடும்.

சுவர் மெல்லிய கேஸில் புல்லட் பிடிமானம் குறையும். பிஸ்டல் அதை சேம்பருக்குள் தள்ளும்போது புல்லட் உள்ளே அமிழ்ந்தால் அழுத்தம் எகிறும், 9 மி.மீ. மாதிரிச் சின்னக் கேஸில் இது விளையாட்டல்ல. பிரைமரும் பவுடரும் இல்லாத டம்மி ஒன்றை மேசை விளிம்பில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி, முன்னும் பின்னும் காலிப்பரில் அளந்தால் தெரிந்துவிடும். இதற்காகவே ஓர் அங்குலத்தில் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்கு இறுக்கமான அண்டர்சைஸ் டை விற்கிறார்கள். பிடிமானம் அருமை. ஆனால் கைக்கு வேலை கூடும், கேஸ் வாயில் சீக்கிரம் விரிசல் விழும், 0.356 அங்குல ஈயப் புல்லட்டின் அடியையும் அது நசுக்கக்கூடும். உலோக உறை போட்ட ஜாக்கெட் புல்லட் மட்டும் போடுபவருக்கே அதைச் சொல்வேன்.

இப்போது ஒரு இழுப்புக்கு ஒரே வேலை செய்யும் என் சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ்ஸில் லீ, புரோகிரஸிவில் டில்லன். எதுவானாலும் கேஸைப் பிடித்திருக்கும் ஷெல் ஹோல்டர் கார்பைடு வளையத்தில் ஓங்கி மோதாதபடி டையை இறக்குங்கள். கார்பைடு கடினம்தான், ஆனால் அடி தாங்காது, விரிசல் விட்டுவிடும்.