தடித்த ஆயிலா, சம்ப்பைக் கழற்றுவதா?

ஓவர்ஹால் (முழுதாகப் பிரித்துப் பழுதுபார்ப்பது) முடிந்து வந்த, என் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் எம்ஜிபியின் 1800 இன்ஜின். சூடேறியதும் ஐடிலில் ஆயில் பிரஷர் 10 பிஎஸ்ஐக்கும் கீழே இறங்குகிறது. சிங்கப்பூரின் பிஐஇ விரைவுச்சாலை நெரிசலில் டெம்பரேச்சர் முள்ளும் மேலே ஏறுகிறது. இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஆயிலைத் தடிப்பாக்கி, பெரிய பம்ப்பும் கூடுதல் ஃபேனும் போட்டுச் சமாளிக்கலாம். அல்லது இன்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்ப்பைக் கழற்றி, பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டுக்கும் பேரிங்குக்கும் உள்ள இடைவெளியை அளக்கலாம்; அது அகன்றால் பிரஷர் விழும். நான் இரண்டாவதைத்தான் செய்தேன். கேட்பவர்களுக்கும் அதையே சொல்கிறேன்.

எந்த வழி போனாலும் முதலில் சூட்டைச் சரிசெய்ய வேண்டும். ஆயில் கொதித்தால் இளகும், இளகினால் பிரஷர் விழும். அந்த நிலையில் காட்டும் அளவை வைத்து பேரிங்கைக் குறை சொல்ல முடியாது. நெரிசலில் மட்டும் சூடேறினால் ஃபேனையும் காற்றோட்டத்தையும் பாருங்கள். விரைவுச்சாலையில் சீராக ஓடும்போதும் ஏறினால் ரேடியேட்டர் அடைப்பு, பிந்திப் போன இக்னிஷன் டைமிங், பிளாக்கின் நீர்வழியில் தங்கிய சேறு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். 82 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட்டை (குளிர்நீர் வால்வு) எடுத்துவிட்டு 74 போடுவதால் அடைத்த ரேடியேட்டர் திறந்துவிடாது. அப்புறம், வேறொரு மெக்கானிக்கல் கேஜை மாட்டி அளவு உண்மைதானா என்று பார்ப்பதும், மிகுதிப் பிரஷரைத் திறந்துவிடும் ரிலீஃப் வால்வில் துகள் சிக்கியிருக்கிறதா என்று பார்ப்பதும் ஒரு மாலை வேலை.

தடித்த ஆயிலுக்கு ஒரு நியாயம் உண்டு. யாராவது 10W-40 ஆயிலை ஊற்றியிருந்தால் அதைவிடத் தடித்த 20W-50க்கு மாறுவது சமாளிப்பு அல்ல, இந்த இன்ஜினுக்கு அதுதான் சரி. அதையும் தாண்டி இன்னும் தடித்த 60 ஆயிலுக்குப் போனால் பிரஷர் முள் ஏறும், ஆனால் இடைவெளி அப்படியே இருக்கும். பெரிய பம்ப் விஷயத்தில் என் அனுபவம் குறைவு, நண்பர் ஒருவரின் வண்டியில் பார்த்ததோடு சரி. அங்கே பிரஷர் கூடியது, வண்டியும் நன்றாகவே ஓடியது. உள்ளே திறந்து பார்க்காததால் அதற்கு மேல் நான் சாட்சி சொல்ல மாட்டேன்.

எனக்கு முடிவைத் தந்தது கிராங்க். தேய்ந்தால் இந்த கிராங்க்கை 0.010 அங்குலப் படிகளாகத்தான் அரைக்க முடியும். அதற்கேற்ற பேரிங் 0.040 வரை கிடைக்கும். அதோடு அந்த கிராங்க்கின் ஆயுள் முடிந்தது. பேரிங் செட் லேசானது, பிரிட்டனிலிருந்து வரவழைக்க பெரிய செலவில்லை. கிராங்க் கனத்த இரும்பு. கப்பல் செலவு, அதன்மேல் 9 சதவீத ஜிஎஸ்டி, வந்தபின் அதையும் அளந்து அரைக்க வேண்டிய வேலை என்று செலவு நீண்டுகொண்டே போகும். அகன்ற இடைவெளியோடு தடித்த ஆயிலில் ஓட்டினால், தட்டும் சத்தம் கேட்கும் நாளில் ஒரு படியோடு தப்பலாம், மூன்று படிகளும் போகலாம். அளந்து பார்த்தால் எத்தனை படி மிச்சம் என்று இன்றே தெரியும். சிங்கப்பூரில் பழைய கார்களுக்கான கிளாசிக் திட்டத்தில் பதிந்த வண்டியை ஆண்டுக்கு 45 நாள்தான் சாலையில் எடுக்கலாம். அவ்வளவு குறைவாக ஓடும் வண்டியில் இந்தத் தேய்மானம் மெதுவாக, யார் கண்ணிலும் படாமல் நடக்கும். விற்கும்போதும் விவரம் தெரிந்தவர் முதலில் கேட்பது சூட்டில் ஐடில் பிரஷரும் கிராங்க் எந்த அளவில் இருக்கிறது என்பதும்தான்.

அளப்பது கடினமல்ல. முன் குறுக்குச் சட்டம் இடிப்பதால் இன்ஜினைக் கொஞ்சம் தூக்கித்தான் சம்ப்பை எடுக்க வேண்டும், வேலையில் பாதி அதுதான். பிறகு ஜர்னலை (கிராங்க்கில் பேரிங் அமரும் பகுதி) துடைத்து, நசுங்கும் பிளாஸ்டிக் இழையான பிளாஸ்டிகேஜை வைத்து, பேரிங் மூடியான கேப்பை உரிய டார்க்கில் (முறுக்கு அளவு) இறுக்கிக் கழற்ற வேண்டும். நடுவில் கிராங்க்கைச் சுழற்றக் கூடாது. நசுங்கிய அகலத்தை உறையில் உள்ள அளவோடு ஒப்பிட்டால் இடைவெளி தெரியும். 0.001 முதல் 0.0027 அங்குலம் வரை நல்லது. என் வண்டியில் கிராங்க்கை பிளாக்கில் தாங்கும் மெயின் ஜர்னல்கள் எல்லாம் சரியாக இருந்தன. பிஸ்டன் தண்டு சேரும் ஒரு பிக்-எண்ட் ஜர்னல் மட்டும் பட்டறையில் கூடுதலாக அரைபட்டிருந்தது. அதனால் கிராங்க்கை வெளியே எடுத்து அடுத்த அளவுக்கு அரைக்க வேண்டியிருந்தது. இந்த வழியின் உண்மையான செலவு இது, குறைத்துச் சொல்ல மாட்டேன். இப்போது சூட்டில் ஐடில் 20 பிஎஸ்ஐ, ஓட்டத்தில் 60.

கிராங்க் ஏற்கெனவே 0.040 வரை அரைபட்டிருந்தால் என் பதில் வேறு. அப்போது வேறொரு கிராங்க் கிடைக்கும் வரை தடித்த ஆயிலை ஊற்றி, ஆர்பிஎம் ஏற்றாமல் ஓட்டுங்கள்.