ஒளிவேகக் கப்பலா, புழுத்துளையா?

விண்மீன்களுக்கிடையே பயணிக்க அறிவியல் புனைகதைகள் நாடும் இரு வழிகளில், இயற்பியலைக் கற்க விரும்பும் வாசகருக்கு ஒளிவேகத்தை நெருங்கும் கப்பலையே நான் முதலில் பரிந்துரைப்பேன். சுமார் 4.24 ஒளியாண்டு தொலைவிலுள்ள பிராக்சிமா சென்டாரி விண்மீனுக்கு ஒளிவேகத்தின் 99 விழுக்காட்டில் செல்லும் கப்பல், பூமியின் கடிகாரப்படி ஏறக்குறைய 4.3 ஆண்டுகளில் சென்றடையும். பயணிக்கோ ஏழு மாதங்களே கழிந்திருக்கும் என்பதை வாசகரே ஒரு தாளில் கணக்கிட்டுச் சரிபார்க்கலாம். இந்தக் கால விரிவு வெறும் கற்பனையன்று. வளிமண்டலத்தின் உயரத்தில் தோன்றும் மியூவான்கள் எனும் நுண்துகள்கள், தம் குறுகிய ஆயுளையும் மீறித் தரையை எட்டுவதே அதற்குச் சான்று.

வெளியின் தொலைவான இரு இடங்களை இணைக்கும் குறுக்குவழியான புழுத்துளையும், ஐன்ஸ்டீனின் ஈர்ப்புக் கோட்பாடான பொதுச் சார்பியலின் சமன்பாடுகளிலிருந்தே பிறந்தது (ஐன்ஸ்டீனும் ரோசனும் 1935இல் அதன் முன்வடிவை எழுதினர்). ஆனால் மனிதர் கடக்கும்படி அது திறந்திருக்க எதிர்மறை ஆற்றல் அடர்த்தி (வெற்று வெளியைவிடவும் குறைந்த ஆற்றல்) தேவைப்படும் என்பதை நல்ல கதை மறைக்கக் கூடாது.