நிறம் கலந்த சன்ஸ்கிரீன், எஸ்பிஎஃப் 50, 50 கிராம் ட்யூப்: நான்கு நட்சத்திரம்

கத்திரி வெயில் முடிகிற வரைக்கும் வீட்டில் நான், வீட்டுக்காரர், மகள் மூவரும் இதைத்தான் பூசினோம். முதல் நல்ல விஷயம், வெள்ளையாகப் படியவில்லை. முன்பு வாங்கிய ஜிங்க் ஆக்சைடு க்ரீமைப் பார்த்துவிட்டு மாமியார், "என்னம்மா, நெத்தியோட நிறுத்தாம மூஞ்சி பூரா விபூதி பூசியிருக்கே?" என்றார். மாநிறத்துக்கு அது அப்படித்தான் தெரியும்.

இதில் ஜிங்க்கோடு அயர்ன் ஆக்சைடும் இருக்கிறது. அந்தப் பழுப்பு வெறும் அழகுக்கு இல்லை. எனக்கு இரண்டு கன்னத்திலும் மங்கு. புற ஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் மங்கைக் கருக்க வைக்கும். சாதாரண சன்ஸ்கிரீன் அந்த வெளிச்சத்தைப் பெரிதாகத் தடுக்காது, அயர்ன் ஆக்சைடு தடுக்கும். தோல் டாக்டர் நிறம் கலந்ததாகப் பார்த்து வாங்கச் சொன்னது அதனால்தான். மங்கு போய்விட்டதா என்றால், இல்லை. ஆனால் வருடா வருடம் மே மாதம் கருக்கிற மாதிரி இந்த முறை கருக்கவில்லை.

வீட்டுக்காரர் அடையாறிலிருந்து சோழிங்கநல்லூருக்கு பைக்கில் போகிறவர். வியர்வையோடு வழிந்தும் கண் எரியவில்லை என்கிறார். ஆனால் ஹெல்மெட்டின் தாடைப் பட்டை பழுப்பேறிவிட்டது. மகளின் வெள்ளை யூனிஃபார்ம் காலரும் அப்படித்தான். நனைப்பதற்கு முன்பே சோப்புக்கட்டியைத் தேய்த்து ஊற வைத்தால்தான் கறை போகிறது. ஒரே ஒரு ஷேடு வேறு. எனக்கும் மகளுக்கும் பொருந்துகிறது, கொஞ்சம் கருப்பான அவருக்கு லேசாகச் சாம்பல் தட்டுகிறது. நம் ஊரில் விற்கிற பொருளுக்கு இன்னும் இரண்டு ஷேடு வைத்தால் என்ன?

விலை 649 ரூபாய். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் பிதுக்க வேண்டும், கிட்டத்தட்ட ஒரு கிராம். வெளியிலேயே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடியும். சிக்கனமாகத் தொட்டுத் தடவினால் அட்டையில் போட்டிருக்கிற 50 கிடைக்காது. மூன்று பேருக்கு ட்யூப் ஒரு மாதம் வராது. எஸ்பிஎஃப் 100 தேடி அலையவும் வேண்டாம். 30 என்பது தோலைச் சுடுகிற யுவிபி கதிரில் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 என்பது 98. கூடக் கொடுக்கிற காசுக்கு அவ்வளவுதான் வித்தியாசம்.

கை காலுக்கு இதைப் பூசிக் கட்டுப்படியாகாது. மகள் நீச்சலுக்குப் போகும்போது முழுக்கை நீச்சல் சட்டை, முகத்துக்கு மட்டும் இது. பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகவில்லையென்றால் எந்த க்ரீமும் வேண்டாம், நிழலும் பருத்திச் சட்டையும்தான்.

100 கிராமில் பம்ப் பாட்டில் வந்தால் உடனே மாறிவிடுவேன். இந்த ட்யூபின் மூடி இரண்டாவது வாரத்திலேயே விரிசல் விட்டுவிட்டது.