ஓமானின் கத்தாராவா, சூடானின் கஸ்காராவா?

பழைய அரபு வாள் ஒன்று கைக்கு வந்ததும் பலர் முதலில் தேடுவது அலகில் உள்ள முத்திரையைத்தான். ஓடும் ஓநாயோ அரைநிலாவோ கண்ணில் பட்டால் உடனே ஊர்ப்பெயர் சொல்லிவிடுகிறார்கள். நான் அலகைக் கடைசியில்தான் பார்ப்பேன். ஜெர்மனியின் சோலிங்கனில் அடித்த அலகுகள் ஓமானுக்கும் போயின, சூடானுக்கும் போயின. ஓநாய் முத்திரை முதலில் ஜெர்மனியின் பாசாவ் நகரத்துக் கொல்லர்களுடையது. சோலிங்கன்காரர்களும் அதையே போட்டார்கள், காக்கசஸ் கொல்லர்களும் போட்டார்கள். அதை வைத்து வாளின் பிறப்பைத் தீர்மானிப்பது பெரும் தவறு.

எஃகு ஒரு ஊர், வாள் ஒரு ஊர் என்பது அங்கே பழைய கதை. 9ஆம் நூற்றாண்டிலேயே அரபு அறிஞர் அல்-கிந்தி, இலங்கையிலிருந்து போன சரந்தீப் எஃகு கிழக்கு ஈரான் பக்கத்துக் குராசானில் அடிபட்டால் அதைத் தனி வகையாகவே எழுதிவைத்தார்.

மிக அதிகமாகக் குழப்புவது கத்தாராவும் கஸ்காராவும். இரண்டும் நேரான, இருபுறமும் கூருள்ள நீண்ட வாள்கள். வித்தியாசம் பிடியில் இருக்கிறது. கஸ்காராவுக்குச் சிலுவைபோலக் குறுக்கே, கையைக் காக்கும் இரும்புக் காப்பு உண்டு. பிடியின் தலையில் வட்டமான தட்டு. கத்தாராவுக்குக் காப்பே கிடையாது. நீண்ட உருளைப் பிடி அப்படியே அலகில் போய் முடியும். அலகும் மெல்லியது. ஓமானின் வாள் ஆட்டமான ரஸ்ஹாவில் மணிக்கட்டை உதறினால் அலகு முழுவதும் நடுங்கும்; மேலே வீசிப் பிடிப்பார்கள். காப்பு கீழ்நோக்கி வளைந்த இன்னொரு வகையும் ஓமானில் உண்டு. அது இதைவிடப் பழைய போர்வாள், பிடியும் வேறு.

ஆனால் பிடியை மாற்றிப் பொருத்துவது எளிது. அதனால் உறையையும் பார்க்க வேண்டும். கஸ்காராவின் தோலுறை நுனிக்குச் சற்று மேலே இலைபோல அகன்று, பிறகு மறுபடியும் ஒடுங்கும். உள்ளே இருக்கும் அலகு அங்கே அகலமாவதில்லை. அந்த விரிவு வெறும் அழகுக்காகத்தான். ஓமான் உறையில் இதை எதிர்பார்க்கக் கூடாது. அங்கே மரத்தின் மேல் தோல் போர்த்தி, விளிம்பு நேராகவே இறங்கும்.

பிடி மாறியதா என்று சந்தேகம் வந்தால், பிடிக்குச் சற்றுக் கீழே அலகை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கஸ்காராவின் காப்பிலிருந்து அலகின் மேல் ஒரு இரும்பு நாக்கு இறங்கியிருக்கும். காப்பைக் கழற்றியிருந்தால், அந்த நாக்கு மூடியிருந்த இடம் மட்டும் நிறம் மாறித் தெரியலாம். அப்படியொரு தடத்தோடு கத்தாரா பிடி இருந்தால் அது பிற்பாடு சேர்த்த பிடி என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

வளைந்த வாள்களில் இந்தச் சிக்கல் இன்னும் கூடும். ஹைதராபாத் நிஜாமின் படையில் யேமனின் ஹத்ரமவுத் பகுதி அரபிகள் இருந்தார்கள். தக்காணத்தில் கிடைத்தது என்பதற்காக ஒரு அரபு வாளை ஒதுக்கிவிட முடியாது.

உறை கிழிந்திருக்கிறது என்று விற்பவர் வாளை மட்டும் நீட்டினால், அந்தக் கிழிந்த உறையையும் கேட்டு வாங்குங்கள். தோலுக்கு எண்ணெய் போடாதீர்கள், துருவைத் தேய்க்காதீர்கள்.