காது கூர்மையான குழந்தை இருக்கும் வீட்டுக்கு எந்தச் சுருதிப் பெட்டி?

எங்கள் வீட்டுக்குச் சுருதிப் பெட்டி வாங்குவது இது இரண்டாவது முறை. பாடுகிறவருக்கும் வாசிக்கிறவருக்கும் ஆதாரமான ஸ்வரத்தை விடாமல் ஒலித்துக்கொண்டிருக்கும் பெட்டி அது. முதல் பெட்டி 16 வருடம் ஓடியது. இன்னும் ஓடியிருக்கும். அதை மாற்ற வைத்தவள் என் மகள். அப்போது அவளுக்கு நாலு வயது முடிந்து இரண்டு மாதம்.

அப்பா நாதசுர வித்வான். கும்பகோணம் வட்டாரத்தில் கோயில், கல்யாணம் என்று நாற்பது வருடம் வாசித்தவர். மூச்சு முன்போல ஒத்துழைக்காததால் இப்போது வெளியே போவதில்லை. காலையில் வீட்டிலேயே அரை மணி நேரம் வாசிப்பார். அவருடைய சின்ன வயதில் சுருதிக்கென்று ஒத்து ஊதும் ஆள் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். ஒத்து பார்க்க நாதசுரம் மாதிரியே இருக்கும், ஆனால் ஒரே ஸ்வரம்தான். பெரிய நாதசுர வித்வான் டி.என்.ராஜரத்தினம் பிள்ளை ஒத்துக்குப் பதிலாகத் தம்புரா வைத்துக்கொண்டு வாசித்தவர். அதற்கெல்லாம் அப்புறம் மின்சாரப் பெட்டி வந்தது, ஒத்து ஊதுகிறவர்கள் அநேகமாக இல்லாமலே போனார்கள். ஆகவே எங்கள் வீட்டில் பெட்டி என்பது ஓர் ஆளின் இடத்தில் உட்கார்ந்திருக்கும் பொருள். அதைச் சும்மா வாங்கிவிட முடியாது.

சித்திரை மாதம், நல்ல வெயில். அப்பா வாசித்துக்கொண்டிருந்தார். பாப்பா பாயில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் திடீரென்று, “தாத்தா, பெட்டி கீழ போயிடுச்சு” என்றாள். அப்பா திரும்பிப் பார்த்தார். பெட்டி முக்காலி மேல்தான் இருந்தது. “இல்ல தாத்தா, சத்தம் கீழ போயிடுச்சு. நேத்து இங்க இருந்துச்சு” என்று சொல்லிவிட்டு, வாயில் இட்லியோடு முந்தின நாள் ஸட்ஜத்தை, அதாவது ‘ஸ’வை, பிடித்து நிறுத்தினாள்.

அப்பா நாதசுரத்தைப் பாயில் வைத்தார். என் போனில் சுருதி காட்டும் செயலி இருந்தது, அதை எடுத்து வைத்துப் பார்த்தோம். சுருதியின் உயரத்தைக் கட்டை என்ற அளவில் சொல்வோம். இரண்டரைக் கட்டையில் வைத்த பெட்டி, இரண்டுக்கும் இரண்டரைக்கும் நடுவில் எங்கேயோ ஊதிக்கொண்டிருந்தது. மறுபடி பாப்பாவைப் பாடச் சொன்னோம். மேல் ஸ்தாயியில் பாடினாள், ஆனால் சரியாக இரண்டரை.

பழைய மாதிரிப் பெட்டிகள் சூடேறினால் சுருதி நகரும் என்று அப்பாவுக்குத் தெரியும். ஆனாலும் அன்றைக்கு அவர் கவனிக்கவில்லை. நாதசுரம் ஊதுகிறவர்கள் மூச்சாலும் உதட்டாலும் ஸ்வரத்தை ஏற்றி இறக்க முடியும். அதனால் பெட்டி இறங்கினால் அவர்களும் தெரியாமலே கூட இறங்கிவிடுவார்கள். பாப்பா எதையும் ஊதவில்லை, கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தாள். அப்பா அவளை மடியில் தூக்கி உட்காரவைத்து ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், தன்னோடு முப்பது வருடம் தவில் வாசித்தவருக்குப் போன் போட்டு, நடந்ததை முதலிலிருந்து கடைசிவரை இரண்டு தடவை சொன்னார். அப்பா இவ்வளவு சந்தோஷமாகப் பேசி நான் கேட்டு வருடக் கணக்காகிறது.

என் மாமியார் அன்று சாயங்காலமே உப்பு மிளகாய் சுற்றிப் போட்டார். வெளியே சொன்னால் கண் பட்டுவிடும் என்பது அவருடைய பயம். எனக்கும் அந்தப் பயம் உண்டு. ஆனாலும் இதை எழுதுகிறேன், ஏனென்றால் இப்படிக் காதுள்ள குழந்தைக்கு எதைக் கேட்கக் கொடுக்கிறோம் என்பது பெரிய விஷயமாகத் தோன்றுகிறது. பெட்டி தப்பாக ஊதினால் குழந்தை அந்தத் தப்பையும் அப்படியே பிடித்துக்கொள்ளும்.

சரி, பெட்டிக்கு வருகிறேன்.

முதலில் போன் செயலியை வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைத்தேன். இலவசம், சுருதியும் நகராது. ஆனால் போனின் சின்ன ஒலிபெருக்கியில் கீழ் ஸட்ஜம் எழும்புவதே இல்லை. மேலே மட்டும் கொசு மாதிரி ஒரு ரீங்காரம் கேட்கும். பாப்பா இரண்டு நாள் கேட்டாள், மூன்றாம் நாள் “தாத்தா பெட்டி வேணும்” என்று சொல்லிவிட்டாள். நடுவில் யாராவது கூப்பிட்டால் சுருதி அறுந்துபோவது வேறு.

கடைசியில் தஞ்சாவூரில் ஒரு வாத்தியக் கடையில் டிஜிட்டல் வகைப் பெட்டி வாங்கினோம். விலை 4,200 ரூபாய். தம்புரா ஒலி, சாதாரண சுருதிப் பெட்டி ஒலி இரண்டும் உண்டு. கட்டை மாற்ற ஒரு திருகு, நுண்ணிய திருத்தத்துக்கு இன்னொன்று, ஸட்ஜத்தோடு ஒலிப்பது பஞ்சமமா (ப) மத்திமமா (ம) என்று மாற்ற ஒரு பொத்தான், கட்டையை எண்ணாகக் காட்டும் சின்னத் திரை.

சுருதி நிற்கிறதா என்பதுதான் என் முதல் கேள்வி. வாங்கிய வாரம் மதியம் இரண்டு மணிக்குப் போட்டு நாலு மணிவரை ஓடவிட்டேன். பெட்டியின் முதுகு நன்றாகச் சூடாகியிருந்தது. சுருதி இம்மிகூட நகரவில்லை. எட்டு மாதமாகிறது, பாப்பாவிடமிருந்து புகார் இல்லை.

தம்புரா ஒலி நன்றாகவே இருக்கிறது. மீட்டும் வேகத்தைக் குறைத்து வைத்தால் ஒவ்வொரு தந்தியும் தனியாக விழுந்து கரைவது கேட்கும். சத்தத்தை முக்கால் பங்குக்கு மேல் ஏற்றினால் தகரம் அதிர்வது மாதிரி ஆகிவிடுகிறது. வாய்ப்பாட்டுக்கு அவ்வளவு சத்தம் தேவைப்படாது. நாதசுரத்துக்குப் போதவே போதாது. அப்பா ஊத ஆரம்பித்தால் பெட்டி இருக்கும் இடம் தெரியாது. பின்னால் ஒயர் செருக இடம் இருக்கிறது, வெளி ஒலிபெருக்கி மாட்டியபின் சரியாயிற்று. அதற்குத் தனியாகச் செலவு. கடையில் இதை யாரும் சொல்லவில்லை, நாதசுரக்காரர்கள் கேட்டு வாங்குங்கள்.

திருகு ரொம்ப இளக்கம். குழந்தையின் கை பட்டாலே அரைக் கட்டை நகர்ந்துவிடுகிறது. பூட்டி வைக்க வழி இல்லை. 4,200 ரூபாய் பொருளுக்கு இதைச் செய்திருக்கலாம். சார்ஜ் ஐந்து மணி நேரம் நிற்கிறது, அது போதும்.

அந்தச் சின்னத் திரைக்கு இவ்வளவு பயன் இருக்கும் என்று வாங்கும்போது நினைக்கவில்லை. பாப்பாவுக்கு எண் தெரியும், அரை என்பதும் தெரியும். ஒருநாள் திருகை ஒவ்வொரு படியாகத் திருப்பி வாசித்துக்கொண்டே வந்தாள். ஒன்று, ஒன்றரை, இரண்டு, இரண்டரை, மூன்று, நாலு. அங்கே நிறுத்திவிட்டுப் பின்னால் போனாள். மறுபடி முன்னால் வந்தாள். “அம்மா, மூணரை எங்க?”

எனக்குப் பதில் தெரியவில்லை. நாதசுரக்காரர் வீட்டில் பிறந்து, அந்தக் கேள்வியை முப்பத்திரண்டு வருடத்தில் நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அப்பா பக்கத்து வீட்டு ஆர்மோனியத்தை வாங்கி வந்து தரையில் வைத்தார். வெள்ளைக் கட்டைகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொன்னார். நடுவில் இருக்கும் கறுப்புக் கட்டைகள்தான் அரைகள். மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் கறுப்பு கிடையாது. பாப்பா விரலை அந்த இடுக்கில் வைத்துத் தடவிப் பார்த்தாள். பிறகு அவளாகவே மேலே எண்ணிக்கொண்டு போய், “ஏழரையும் இல்ல” என்றாள். அப்பா என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு வார்த்தை போதாது.

இப்போது குக்கர் விசில், மிக்ஸி, ஹாரன் எல்லாவற்றுக்கும் கட்டை சொல்கிறாள். சொந்தக்காரர்கள் வந்தால், “இது என்ன கட்டை, அது என்ன கட்டை” என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். ஒரு கல்யாணத்தில் எட்டுப் பேர் சுற்றி நின்று கேட்டதில் அழுதுவிட்டாள். அதிலிருந்து அதை நிறுத்திவிட்டோம். தானாகச் சொன்னால் சந்தோஷமாகக் கேட்டுக்கொள்கிறோம். “அடுத்த மாண்டலின் ஸ்ரீநிவாஸ்” என்று ஒரு சித்தப்பா சொன்னார். ஸ்ரீநிவாஸ் 1978இல் குடிவாடாவில் முதல் கச்சேரி செய்தபோது அவருக்கு ஒன்பது வயது. அப்பா அதற்கு, “அந்தப் பிள்ளை எவ்வளவு சாதகம் பண்ணியிருக்கும் தெரியுமா” என்று மட்டும் சொன்னார்.

வாங்கப் போகிறவர்களுக்கு: கடையில் பெட்டியைப் போட்டவுடன் முடிவு செய்யாதீர்கள். அரை மணி நேரம் ஓடவிடச் சொல்லுங்கள், முதலிலும் கடைசியிலும் போன் செயலியில் சுருதி பாருங்கள். எண் காட்டும் திரை இருக்கட்டும். சின்னக் குழந்தை உள்ள வீடென்றால் திருகுக்குப் பதிலாகப் பொத்தான் உள்ள மாதிரி கிடைத்தால் அதை எடுங்கள். எங்கள் பெட்டிக்கு ஒரு வருட உத்தரவாதம், பில்லைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

விஜயதசமியிலிருந்து அப்பா அவளுக்கு ஆரம்பப் பாடமான சரளி வரிசை சொல்லிக்கொடுக்கிறார். அவள் குரலுக்கு ஐந்தரைக் கட்டை. பாடம் முடிந்ததும் பெட்டியைத் தாத்தாவின் இரண்டரைக்குத் திருப்பி வைப்பது அவள் வேலை. திரையைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு திருப்புகிறாள். அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, நாதசுரத்தின் ஊதுமுனையான சீவாளியை நனைக்கிறார்.